அடுத்த வருடம் முதல் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும்

செய்தி வந்தபோது நான் எஸ்டேட் தேநீர்க் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் தானா ராத்தா டவுன் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான படிவம் ஆறு படித்துக்கொண்டிருந்த வருடம் அது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் அவளுடைய டீச்சர் ஓர் அறிவிப்பைப் போட்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் எல்லாரும் எடுத்தாக வேண்டிய ஆங்கிலத் தேர்வு அடுத்த வருடம் முதல் மாறுகிறதாம். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் கம்ப்யூட்டரில். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. கடைசி வரியில்தான் கண் நின்றது. பேச்சுத் தேர்வும் கம்ப்யூட்டரோடுதான். எதிரில் ஆள் இருக்க மாட்டார்.

பொதுவாக, மேலே உட்கார்ந்துகொண்டு எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. பாடப் புத்தகத்தை மாற்றுவார்கள், பரீட்சையின் பெயரை மாற்றுவார்கள், நாங்கள் ஒன்றைப் புரிந்துகொண்டு முடிப்பதற்குள் அதை எடுத்துவிடுவார்கள். ஆனால் அன்று மட்டும் அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் என்று தோன்றியது. என் மகளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த மாற்றம் என்று நினைத்தேன்.

காரணம் இருக்கிறது. பழைய முறையில் பேச்சுத் தேர்வென்றால் நான்கு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து, நீங்களே கலந்து பேசுங்கள் என்பார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஓரமாக உட்கார்ந்து மார்க் போடுவார்கள். என் மகள் நன்றாக எழுதுவாள், நன்றாகப் படிப்பாள். அந்த மேசையில் உட்கார வைத்தால் மட்டும் மற்ற மூன்று பேரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். அவர்கள் முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். “பேசினா நல்லாப் பேசுறா. பேச வைக்கிறதுதான் கஷ்டம்” என்று டீச்சர் என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்குறீங்க?”

“சும்மா பாத்தேன்லா.”

என் சத்தம் எஸ்டேட்டுக்கே தெரியும். அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. நானும் அவரும் பன்னிரண்டு வருடம் ஒரே தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்தவர்கள். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள், நடுவில் செடியின் தலைமேல் மெஷின். அந்த மோட்டார் இரைச்சலுக்கு மேல் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். கால் மூட்டு போய், என்னைத் தேநீர்க் கடைக்கு மாற்றிய பிறகும் குரல் இறங்கவில்லை. கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் நான் கேக் வேண்டுமா என்று கேட்டாலே திடுக்கிடுவார்கள்.

அந்த மெஷினில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு பேரும் ஒரே நடை நடக்க வேண்டும். ஒருத்தர் நின்று மற்றவர் நடந்துவிட்டால் கத்தி கோணிக்கொண்டு குச்சியில் இறங்கிவிடும். அப்புறம் அந்தச் செடி தளிர்க்க நாளாகும். அதனால் யாருக்குக் கால் மெதுவோ அவர் நடைக்குத்தான் மற்றவரும் நடப்பார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளி விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகள் எல்லாரும் தினம் பார்த்ததுதான்.

என் மகளுக்குச் சட்டம் படிக்க வேண்டும். ஏன் சட்டம் என்று கேட்டால் சிரிப்பாள். இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு வாதாடுகிறவர்களைப் பார்த்துப் பழக்கம் என்பார் கணவர். சட்டத்துக்கு அந்த ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலை கேட்டார்கள். எனக்கு ஒரே யோசனைதான். பேசாமல் அடுத்த வருடம் வரை பொறுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் குறுக்கே பேசாது. டீச்சர் விடவில்லை. இந்த வருடமே பழைய முறையில் ஒரு தடவை எடுக்கட்டும், போதவில்லையென்றால் புதிய முறையில் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். சரி என்றேன்.

பயிற்சிக்கு நானே ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எஸ்டேட் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டு ஹாலில் நான்கு நாற்காலி போட்டேன். ஒன்றில் மகள், ஒன்றில் நான், ஒன்றில் கணவர். நான்காவதில் மடிக்காத துணி குவிந்திருந்தது. அதுவும் என் கணவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசினார்கள். சுற்றுலாப் பயணிகளால் ஊருக்கு நன்மையா தீமையா என்பது தலைப்பு. என்னிடம் போய் அதைக் கேட்கலாமா? சனி ஞாயிறு வந்தால் மலை ரோட்டில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கார் அசையாது. அதில் தொடங்கி, கப்பை வைத்துவிட்டுப் போகும் இடம், செடிக்குள் இறங்கிப் படம் பிடித்துக் கிளையை ஒடிப்பது என்று, கடையில் கற்ற ஆங்கிலத்தில் பாதியும் மலாயில் பாதியுமாக வெளுத்து வாங்கினேன். கணவர் எல்லாவற்றுக்கும் “எஸ், கரெக்ட்” என்றார். மகள் கைகட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்ததென்று கைப்பேசி மணி அடித்தது.

“ம்மா, நீங்க பாஸ்” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “நீ ஏன்டி வாயத் தொறக்கல?”

“நீங்க முடிக்கவே இல்லையே.”

தேர்வு நாளன்று நான் கடையில் லீவு சொல்லிவிட்டேன். கணவர் காரை எடுத்தார். பள்ளி வாசலுக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருந்தோம். முருகனிலிருந்து மாரியம்மன் வரை எல்லாரையும் கூப்பிட்டு முடித்த நேரத்தில் அவள் வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்பாடா என்று நினைத்தேன்.

“எப்படிப் பேசுன?”

காரில் ஏறி உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னாள். அவளோடு அந்த மேசையில் பிரிஞ்சாங் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுச் சீனப் பெண் ஒருத்தி இருந்தாளாம். முதல் இரண்டு வாக்கியம் பேசியவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர். மற்ற இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார்களாம். என் மகள் மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்து, நீ காய்கறி விலை ஏறுவதைப் பற்றிச் சொல்ல வந்தாய் அல்லவா, உங்கள் தோட்டத்தில் எப்படி என்று கேட்டிருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொல்ல, இவள் காத்திருந்து இன்னொரு கேள்வி கேட்க, அந்தப் பெண் மெல்லத் தேறி நன்றாகவே பேசிவிட்டாளாம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டதாம்.

“அப்ப நீ என்ன பேசுன?”

“அதான்மா. கேள்வி கேட்டேன்.”

நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உன் பேச்ச நீ பேசாம அந்தப் பிள்ளைய எதுக்குடி பேச வச்ச? பரீட்சை உனக்கா, அவளுக்கா?”

“அவ நின்னுட்டாம்மா. நான் எப்படி அவள வுட்டுட்டுப் போறது?”

கணவர் ஸ்டீரிங்கில் கை வைத்தபடி மெதுவாகச் சொன்னார். “நம்ம பிள்ளைலா. வேற எப்படி இருக்கும்?”

எனக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தெரிந்தால் கோபம் குறைய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? கோபம் வந்தால் சிலர் பேசாமல் இருப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. வீடு வந்து சேரும்வரை பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, வழக்கம்போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

முடிவு வந்தது. நான்காம் நிலைக்கு ஒரு படி கீழே. பேச்சில்தான் மார்க் குறைவு. சொன்னேனா இல்லையா என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன், ஆரம்பித்தும் விட்டேன். “சரிம்மா, புதுசுல எடுத்துக்கிறேன்” என்றாள். சட்டத்துக்கு அந்த வருடம் விண்ணப்பிக்க முடியவில்லை. படிவம் ஆறு முடித்துவிட்டு என்னோடு தேநீர்க் கடையில் வேலைக்கு நின்றாள். வாடிக்கையாளர்கள் அவளிடம்தான் போய் ஆர்டர் கொடுத்தார்கள். அவள் அவசரப்படுத்த மாட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் பிள்ளை இருப்பது சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்து பயமாகவும் இருந்தது, ஏனென்றால் நான் வேலை செய்த இடத்திலேயே அவள் நின்றுவிடக் கூடாது.

புதிய தேர்வுக்குப் பயிற்சி தொடங்கியபோதுதான் நான் போட்ட கணக்கு தப்பென்று தெரிந்தது. மேசைமேல் லேப்டாப்பை வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் தலைப்பு வந்தது. இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். நான்கு வாக்கியம் சொன்னாள், நின்றாள். மறுபடியும் தொடங்கினாள், நின்றாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

“எதுத்தாப்ல யாருமே இல்லாம யார்கிட்டம்மா பேசுறது?”

குறுக்கே பேச ஆளில்லையென்றால் அவள் பேசிவிடுவாள் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மனித முகம் வேண்டும் போலிருக்கிறது. இரண்டு நாள் யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். லேப்டாப் இருந்த இடத்தில் என்னை உட்கார வைத்தாள். முதலில் என்னைப் பார்த்துப் பேசிப் பழகுவது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைக்கு மாறுவது என்று திட்டம். ஒரே நிபந்தனை, நான் கம்ப்யூட்டர். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியமென்று புரியும். முதல் தடவை பத்தாவது வினாடியில் “சத்தமாப் பேசு” என்றேன். இரண்டாவது தடவை தலையாட்டினேன். மூன்றாவது தடவை அடுப்பில் பருப்பு பொங்கும் வாசனை வர, பாதியில் எழுந்து ஓடினேன். கணவர் கைப்பேசியில் நேரம் பார்க்கும் வேலையை ஏற்றிருந்தார். அவருக்கு அந்த நாட்களில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. “இருவது வருசமா நான் தேடுன மெஷின் இதுதான்லா” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம். அன்றைய தலைப்பு, படிப்புக்காக வீட்டை விட்டுப் போவது நல்லதா என்பது. நான் முகத்தை மரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் நேரத்தைத் தொடங்கினார். அவள் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கு எல்லா வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் அவள் நிதானமாகப் பேசியதால் விஷயம் புரிந்தது.

நல்லதுதான் என்று தொடங்கினாள். நகரம், நூலகம் என்று கொஞ்சம் சொன்னாள். பிறகு குரல் மாறியது. எங்கள் வீட்டில் அம்மாதான் பேசுவார், நானும் அப்பாவும் கேட்போம் என்றாள். அப்பா பாதியில் தூங்கிவிடுவார். மீதியை நான்தான் கேட்கிறேன். நான் போய்விட்டால் அந்த மீதியை யார் கேட்பார்கள் என்று யோசிப்பேன். போன வருடம் அந்த மேசையில் நான் பேசாமல் இருந்ததற்கு அந்தப் பெண் மட்டும் காரணமில்லை. அவளைப் பேச வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. சொல்வதற்கும் இருந்தது. நன்றாகப் பேசிவிட்டால் போக வேண்டி வருமே என்று நினைத்தேன். அப்படியே இருந்துவிட்டேன் என்றாள்.

அவள் நிறுத்திவிட்டாள். கணவர் கைப்பேசியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் என்னிடம் சொல்ல இடம் கிடைக்காத ஒன்றை, நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்றரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை அள்ளிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“நான் சுவரப் பாத்துப் பேசிக்கிறேன்” என்றேன். “நீ போய்ப் படி.”

“கம்ப்யூட்டர் பேசக் கூடாதும்மா” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“தெரியும். இன்னும் நேரம் இருக்கு. நீ ஏன் போவணும்னு இப்பச் சொல்லு.”

அவள் சொன்னாள். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.