மாமாவின் மட்டை டாங்கி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது யோனாஸ் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ஜெர்மன் நகரமான ஹம்மில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தன் தாயோடும் தாத்தாவோடும் இருந்தவன் அவன். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அழிறப்பர் கேட்டால் தருவான். நான் வரும்வரை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் ஒரு கெட்ட பெடியனாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் அவன் எனக்குத் தரவில்லை.

எல்லாம் என் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டுவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தார். முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. பதிவு பக்கத்து ஊர் அகதி விடுதியில், நித்திரை எங்கள் வீட்டு சோபாவில். அப்பா தொழிற்சாலையிலும் அம்மா முதியோர் இல்லத்திலும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்க, மாமா மட்டும் வீட்டில் இருந்தார். பெரியவர்கள் அதைக் கஷ்டகாலம் என்றார்கள். எனக்கோ அதைப்போல நல்ல காலம் பிறகு வரவேயில்லை. வளர்ந்த ஆள் ஒருவர், முழுக்க முழுக்க எனக்கென்று! பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார், கோணலாகத் தலை பின்னிவிடுவார், கரம்போர்ட் விளையாடி என்னிடம் தோற்பார். பதிலுக்கு நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், டொக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் டெர்மின், கடைக்காரியின் சிடுசிடுப்பு எல்லாவற்றையும் நான்தான் தமிழாக்கிக் கொடுப்பேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் படிக்கட்டுக் கழுவும் முறை எங்களுடையது. மாமா வாளியோடு மேல்மாடிக்குப் போனவர் ஒரு மணித்தியாலமாக இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தால், யோனாஸ் வீட்டு மேசையில் கிழவருக்கும் பேரனுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஊசிமுனையளவு பிளாஸ்டிக் துண்டொன்றைச் சாமணத்தால் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

கிழவர் இரண்டாம் உலகப் போரில் டாங்கி ஓட்டியவர். சுவரில் படம் இருந்தது: மூடியைத் திறந்துகொண்டு தலையை வெளியே நீட்டிய இளம்பெடியன். அந்த டாங்கியின் மாதிரியைப் பேரனோடு சேர்ந்து செய்யவேண்டும் என்று பெட்டியோடு வாங்கியிருந்தார். முந்நூறு துண்டுகள் இருக்கும். ஆனால் அவருக்குக் கை நடுங்கும், யோனாஸுக்குப் பொறுமை இல்லை. கீழே விழுந்த சக்கரமொன்று திறந்திருந்த கதவால் உருண்டு, கீழ்ப்படியில் இருந்த மாமாவின் வாளிக்குள் விழுந்திருக்கிறது. மாமா ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். ஒரு துண்டைத் தொட்டால் அதன் இடம் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அன்றோடு என் பின்னேரங்கள் போயின. நாலு மணியானால் மாமா மேலே ஏறிவிடுவார். பேசப் பாஷை இல்லை, ஆனால் மூன்று பேரும் அப்படி ஒரு ஒற்றுமை. நான் ஒரு மூலையில் பசை மணத்தை முகர்ந்துகொண்டு இருப்பேன். எங்கள் வீட்டில் யாராவது போர் என்று வாயெடுத்தாலே அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். இவர்களோ போரை மேசைமேல் வைத்து, அதற்கு வர்ணமும் பூசி, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யோனாஸுக்குத் தாத்தா இருந்தார், தாத்தாவுக்கு டாங்கி இருந்தது. இப்போது என் மாமாவும் அவனுக்கா? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

“என் மாமாவிடமும் சொந்த டாங்கி இருந்தது. உன் தாத்தாவுடையதைவிடப் பெரிசு.”

யோனாஸ் கண்ணை விரித்தான். “அப்படியென்றால் அதையும் செய்யலாமே” என்றான் நல்ல பிள்ளையாக.

வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கும் ஒரு டாங்கி செய்து தாங்கோ.”

“டாங்கி என்னத்துக்குப் பிள்ளை? கப்பல் செய்து தாறன். பெரிய கப்பல்.”

“கப்பல் வேண்டாம். நீங்கள் ஊரிலை கண்ட டாங்கிதான் வேணும்.”

“ஏலாது” என்றார். மாமா என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன், சாப்பிட மறுத்தேன், “யோனாஸுக்கு மட்டும் ஏலுமோ?” என்று கேட்டேன். கடைசிக் கேள்விதான் வேலை செய்தது.

காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியின் மட்டையை வெட்டி ஒரே பின்னேரத்தில் மேற்பகுதியை முடித்தார். பார்க்க ஒரு செருப்புப் பெட்டிமேல் பேனைக் குழாயைச் செருகிய மாதிரி இருந்தது. மூடியில்லை, இலக்கமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தில் தொடங்கினார். அங்கேதான் நாலு நாள் போனது. மட்டையைத் தகடு தகடாக அளந்து ஒட்டினார். தகடுகளின் ஆணித் தலைகளுக்கு அம்மாவின் கடுகுப் போத்தலிலிருந்து கடுகு எடுத்து வரிசையாகப் பதித்தார். ஒரு கடுகு பிசகினாலும் கழற்றி மறுபடி ஒட்டினார். ஒரு மூலையில் எண்ணெய் கசிந்த கறையைக்கூட மையால் தீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யோனாஸுக்கு மேல் பக்கத்தில் என்னவெல்லாம் செய்து கொடுத்தார்! எனக்கு மட்டும் இப்படியா?

“அடியை ஆர் மாமா பாக்கப்போயினம்?”

அவர் கடுகு தேடிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஒரு டாங்கி டாங்கிதானே. அடுத்தநாள் அதைத் தூக்கிக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் மேலே போய் யோனாஸுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்த கணமே வைத்திருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. “அழகாக இருக்கிறது” என்றான் யோனாஸ். பாலர் பள்ளிப் பிள்ளையின் கிறுக்கலைப் பார்த்துச் சொல்லும் குரல் அது. அவனைக் கடித்துவிடலாம்போல இருந்தது.

கிழவர்தான் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நடுங்கும் விரலால் கடுகு வரிசையைத் தொட்டுக்கொண்டே போய், எண்ணெய்க் கறையில் நிறுத்தினார். அவர் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது.

“இதை இவர் எங்கே பார்த்தார்? கேள்” என்றார் என்னிடம்.

கேட்டேன். மாமா தூரிகையைக் கீழே வைத்தார். யாராவது கேட்கட்டும் என்று இவ்வளவு நாளும் இருந்தவர்போல, என்னைப் பாராமல் கிழவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

“நானும் என்ரை தம்பியும் வயல் வாய்க்காலுக்குள்ளை படுத்துக்கிடந்தனாங்கள். அது எங்களுக்கு மேலாலை போனது. தம்பி கிடந்த பக்கம் கரை இடிஞ்சு அவன் மண்ணுக்குள்ளை போயிட்டான். நான் அடியைப் பாத்துக்கொண்டே கிடந்தனான். அப்பிடியே சொல்லு பிள்ளை, அவருக்கு விளங்கும்.”

யோனாஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாத்தா டாங்கிக்குள் இருந்தவர், என் மாமா வாய்க்காலுக்குள் கிடந்தவர் என்று அவன் முன்னால் எப்படிச் சொல்வது? அந்தத் தம்பி, அதாவது என் சின்னமாமா, போரில் செத்தவர் என்பது எனக்குப் பழைய செய்தி. அவரை நான் கண்டதுமில்லை. அந்த நேரம் எனக்கிருந்த பெரிய கவலை என் மானம்தான். நல்ல ஜெர்மனில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன்:

“அது மாமாவின் சொந்த டாங்கி. பழுதானால் அடியில் படுத்துக்கிடந்து அவரே திருத்துவார்.”

கிழவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். முகம் இளகியது. பிறகு வாய்விட்டுச் சிரித்து, மாமாவின் தோளில் இரண்டு தரம் தட்டி, போர்த்தோழனைக் கூப்பிடுவதுபோல “கமராட்” என்றார். நானும் டாங்கிக்காரன், நீயும் டாங்கிக்காரன் என்று சைகை காட்டினார். போத்தல் எடுக்க அலுமாரிப் பக்கம் போனார்.

மாமா தட்டு வாங்கிய தோளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னதெல்லாம் சொன்னனீயே?”

“ஓம் மாமா. ஒண்டும் விடேல்லை.”

அவர் தூரிகையைக் கழுவித் துடைத்தார். வர்ணப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். மட்டை டாங்கியை எடுக்காமலே எழுந்து வெளியே போனார்.

மறுநாள் யோனாஸ் வந்து மணியடித்தான். “தலையிடி எண்டு சொல்லு” என்றார் மாமா சோபாவிலிருந்தபடி. அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அடுத்த வாரமும் தலையிடி. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. சக்கரத்துக்கு வர்ணம் பூசாத அவர்களுடைய டாங்கி அப்படியே யன்னலோரம் நின்றது. மாமா முழுசாக எனக்கே திரும்பிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் நின்றார், தலை பின்னினார், கரமில் முன்னைவிட மோசமாகத் தோற்றார். நான் கேட்டதெல்லாம் இதுதானே, கிடைத்துவிட்டது.

தம்பி போன விதத்தை மாமா அதுவரை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை என்பது வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்பி எப்படிப் போனார் என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு டாங்கியின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்கள் யாராக இருக்கும் என்று கிழவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் முகம் அப்படிப் போனது. என் பொய் அவரைக் காப்பாற்றியது. மாமாவைக் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை. ‘என் தம்பி செத்த கதையை முதல்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன், அவர் சிரித்துத் தோளில் தட்டினார்’ என்று நினைத்துக்கொண்டே மாமா அன்று படியிறங்கினார். யோனாஸை வென்றுவிட்ட சந்தோஷத்தில், இரண்டு இரண்டு படியாகத் துள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நான் இறங்கினேன்.