குட்டியானையில் ஏறிய கரடி

இருசப்பன் பொக்லைன் ஓட்டுகிறவன். அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி, கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் நாற்றுப் பண்ணையில் மரக்கன்று வளர்க்கிறவள். "புருஷன் புடுங்குறான், பொண்டாட்டி நடுறா. குடும்பம்னா இப்படித்தான்யா இருக்கணும்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. இருசப்பனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ரோட்டை அகலப்படுத்த ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டு வருகிற அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. தட்டைப் பார்த்தபடியே, "அதுல கிளிப்பொந்து இருந்திச்சு செல்வி" என்பான். அவள் குழம்பை ஊற்றுவாள். "வேரையாவது எடுத்துகினு வந்தீங்களா?" என்று கேட்பாள்.

எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை நிறைய வேர்கள்தான். புளி, வேம்பு, இலுப்பை என்று அவன் கையால் சாய்ந்த மரங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. அந்த வேர்களுக்குள் ஏதோ உயிர் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதை வெளியே அழைத்து வந்துவிட்டால் மரம் முழுசாகச் சாகவில்லை என்று இருவருக்கும் ஒரு நம்பிக்கை. அதற்காக அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேரில் எதையும் ஒட்டக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் பூசக்கூடாது. மண்ணையும் பட்டையையும் உளுத்துப்போனதையும் மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே இருப்பது என்ன என்பதில் இரண்டு பேர் கண்ணும் ஒத்துப்போகிற வரைக்கும் உளி படக்கூடாது.

சிக்கல் இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் இருந்தது. அவன் மயில் என்றால் அவள் துடைப்பம் என்பாள். அவள் ஆமை என்று சொன்னதை அவன் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்க பெரியப்பா குந்திகினு இருக்கிறாரு" என்றான். அதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. ஆக, கொட்டகையில் இருந்தவை பெரும்பாலும் தீர்ப்பு வராத வழக்குகள். முடிந்தது ஒரே ஒரு மான்.

அந்த மானை இருசப்பனின் அம்மா சின்னப்பொண்ணு ஒரு மழைநாளில் வெந்நீர் போட எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். மகன் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் நிதானமாகச் சொன்னாள். "இன்னாடா இப்போ? நல்ல கட்டைதான். நின்னு எரிஞ்சுது."

இப்படி இருக்கும்போதுதான் தியாகதுருகம் பக்கத்தில் சாய்த்த புளியமரத்தின் வேர் வந்தது. ஓர் ஆள் உட்கார்ந்த உயரம். தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டு இருவரும் தள்ளி நின்றார்கள். ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"கரடி!"

இருசப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்திருக்கிற கரடி, நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்திருக்கிறது. கல்யாணத்தன்றுகூட இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

அதன் பிறகு வேலைவிட்டு வந்ததும் கொட்டகைதான். அவன் உளியால் எடுப்பான், அவள் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவாள். மூக்குக்கு மேலே இருந்த முடிச்சை அவன் செதுக்கப் போனபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது அதுக்குப் பொறந்ததுலேருந்தே இருக்குது. உங்க காது மட்டும் ரெண்டும் ஒரே மாதிரியாவா இருக்குது?" முடிச்சு பிழைத்தது.

வெள்ளிமலைக் கோடை விழாவின் கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. செய்தி கேட்ட சின்னப்பொண்ணு மருமகளைக் கூப்பிட்டுத் தெளிவாகப் பேசினாள்.

"தோ பாரு செல்வி. உன் கரடி அங்க போயி நின்னு, நாலு பேரு நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். கொட்டாயில இருக்கிற எல்லாத்தையும் வெச்சிக்கங்க, நான் தொடமாட்டேன். போயி நிக்கலன்னு வெச்சிக்க, ஆடி மாசம் மாரியாத்தாளுக்குக் கூழு காய்ச்ச எனக்கு வெறகு ரெடி."

இருசப்பன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டான். ஆட்டிய பிறகுதான் எவ்வளவு பெரிய பந்தயத்துக்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் பக்கத்து வீட்டு அய்யப்பனின் வண்டியில் கரடியை ஏற்றினார்கள். ஊரில் குட்டியானை என்று சொல்கிறார்களே, அந்தச் சின்ன சரக்கு வண்டி. "அண்ணி, யானை மேல கரடி. ஊர்லயே இது மொத தடவ" என்று அய்யப்பன் சொன்ன நகைச்சுவை மலையடிவாரம் வரைக்கும்தான் ஓடியது. மலைப்பாதையில் பாதி ஏறியதும் யானைக்கு மூச்சு வாங்கியது. முன்பக்கம் புகை வந்தது.

"ணா, எறக்குனாத்தான் ஏறும்" என்றான் அய்யப்பன்.

"எத?"

"கரடியத்தான். மேல ஊர்ல மெக்கானிக் இருக்கிறாரு. காட்டிட்டு வந்து தூக்கிக்கலாம். ரெண்டு பேரும் வாங்க, வளைவுல தள்ளணும்."

ஒரு வளைவில், ஓர் அத்திமரத்தடியில் கரடியை இறக்கினார்கள். இந்த இடத்தில்தான் தவறு நடந்தது. தவறு என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கொட்டகையில் தினமும் செய்வதைத்தான் செய்தார்கள். கரையான் ஏறாமலிருக்க, பையில் இருந்த மஞ்சளும் வேப்பெண்ணெயும் கலந்த குழம்பை உடம்பு முழுக்கத் தடவினாள் செல்வி. வெயிலுக்கு மரம் வெடிக்கக்கூடாதே என்று தன் மஞ்சள் துண்டை நனைத்து அதன் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். சரிவில் உருண்டுவிடாமலிருக்க இருசப்பன் அதன் முன்னால் மூன்று கல்லை வரிசையாக முட்டுக் கொடுத்தான்.

மரத்தடி, மஞ்சள் துண்டு, மூன்று கல். ஒரு சாமிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வண்டியைச் சரிசெய்துகொண்டு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வளைவில் திரும்பும்போதே கற்பூர வாசனை அடித்தது. கரடியின் கழுத்தில் அரளிமாலை, நெற்றியில் குங்குமம், காலடியில் எலுமிச்சம்பழம். சுற்றிலும் மலைக்காரர்கள் ஒரு கூட்டம். முன்னால் நின்ற பெண்ணின் கையில் தட்டு இருந்தது. பக்கத்துச் சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிற ஆயம்மாள் அவள்.

இருசப்பன் வண்டியிலிருந்து குதித்தான். "அக்கா, அக்கா! இது எங்களுதுக்கா!"

"சாமின்னா எல்லாருக்கும்தான் தம்பி" என்றாள் ஆயம்மாள். "மொதல்ல செருப்ப கழட்டு."

கழற்றிவிட்டுச் சொன்னான். "இது சாமி இல்லக்கா. நாங்க செஞ்சது."

"சாமிய செய்யாம பின்ன? கோயில்ல இருக்கிறதெல்லாம் கெழங்கு மாதிரி தானாவா மொளைச்சிது? என் மாட்ட மூணு நாளா காணோம். இத பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்புறேன், பின்னாலயே வந்து நிக்குது. நீ செஞ்சதுன்னா நல்லாத்தான் செஞ்சிருக்குற."

கொட்டகையைப் பற்றி அத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் பாராட்டு அது. அதைக்கூட அவனால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. கண்முன் ஆடி மாதமும் கூழ்ப்பானையும் அடியில் எரிகிற வேர்களும் தெரிந்தன.

"நாளைக்குக் காலையில வெள்ளிமலைல நிக்கணும்க்கா, வுடுங்க" என்று கெஞ்சினான்.

"நாங்க யாரு வுடறதுக்கு? சாமியையே கேப்போம். பூ போட்டுப் பாப்போம்" என்றாள் ஆயம்மாள். ஒரு இலையில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் மடித்துச் சாமி முன்னால் போடுவது வழக்கம். எடுத்த இலையில் வெள்ளை இருந்தால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. தயாரானதும் அவள் திரும்பிக் கேட்டாள். "எப்படிக் கூப்புடறது? அப்பனா, ஆத்தாளா?"

"அப்பன்" என்றான் இருசப்பன்.

"ஆத்தா" என்றாள் செல்வி.

இருசப்பன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"இன்னாது? ஆம்பளக் கரடி செல்வி அது. தேனடைய திருடி நெஞ்சுல அமுக்கிப் புடிச்சிகினு இருக்குது!"

"தேனடையா? அது குட்டிங்க! தாயி புள்ளைய அணைச்சிகினு இருக்கிறா. கண்ணு தெரியல?"

"நாலு மாசமா தேனடைய செதுக்கிகினு இருக்கிறேன்!"

"நாலு மாசமா நான் குட்டிக்கு மொகம் தேய்ச்சிகினு இருக்கிறேன்யா!"

நடுரோட்டில், சாமி முன்னால், அத்தனை பேர் பார்க்க, அவர்கள் குடும்பத்தின் ஒரே ஒற்றுமை உடைந்து விழுந்தது. அய்யப்பன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குப் பலாப்பழம் மாதிரி தெரியுது" என்றான். இருவரும் ஒரே குரலில் அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

"பெத்தவங்களே ஒரு முடிவுக்கு வரல. இதுல தூக்கினு வேற போறாங்களாம்" என்று முணுமுணுத்தபடி, "அப்பனா இருந்தாலும் சரி, ஆத்தாவா இருந்தாலும் சரி, இவங்களோட போவ இஷ்டமா?" என்று கேட்டு ஆயம்மாள் பூவைப் போட்டாள். எடுத்தாள். பிரித்தாள்.

சிவப்பு.

இருசப்பன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். செல்வி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து ஒட்டி உட்கார்ந்தாள். "அந்த ஆமையத்தான் உங்கம்மா மொதல்ல எரிப்பாங்க" என்றாள். அவன், "இல்ல, என் மயிலு" என்றான்.

ஆயம்மாளின் காதில் இது விழுந்தது. "எரிக்கிறதா? யாரு, எத எரிக்கிறாங்க?"

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார், பந்தயம், கொட்டகை, வெந்நீர் அடுப்பில் போன மான். கேட்கக் கேட்க ஆயம்மாளின் முகம் மாறியது. "அடிப்பாவி! இதோட கூடப் பொறந்ததுங்களையா? ஒண்ண எரிச்சே புட்டாங்களா?" கூட்டத்தில் நான்கு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் கரடியிடம் திரும்பி, கேள்வி தப்பாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு உரக்கக் கேட்டாள். "உன் சாதிசனத்த அடுப்புலேருந்து காப்பாத்திட்டு, விழா முடிஞ்சு இங்கயே திரும்பி வரியா?"

இலை பிரிந்தது. வெள்ளை.

மறுநாள் காலை வெள்ளிமலைக்குக் கரடி வந்த அழகை இன்றைக்கும் பேசுகிறார்கள். முன்னால் மேளம், நடுவில் குட்டியானை, பின்னால் மலைக்காரர்கள். கண்காட்சியைச் சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் மெருகைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். மேசைக்குப் பின்னாலிருந்து ஆயம்மாள், "ஷூவ கழட்டிட்டு வாங்க சார்" என்றாள். அவர் கழற்றினார். பின்னால் வந்த எல்லாரும் கழற்றினார்கள். தேர்வுக்குழு கையெடுத்துக் கும்பிட்டதே தவிர மதிப்பெண் போடத் துணியவில்லை. முதல் பரிசு தர்பூசணியில் செய்த கிளிக்குப் போயிற்று.

மத்தியானப் பேருந்தில் சின்னப்பொண்ணு வந்து இறங்கினாள். நல்லாருக்குது என்று நாலு பேர் சொல்வதை எண்ணிப் பார்க்க வந்தவள், கற்பூரம் காட்டுகிற கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நெருங்கிப் போய் விபூதி வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மகன் காதருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏன்டா, அந்த மானு... அதுக்கு ஏதாச்சும் பரிகாரம் இருக்குதா?"

கரடி சொன்ன சொல் தவறாமல் அத்திமரத்தடிக்குத் திரும்பிவிட்டது. இருசப்பனும் செல்வியும் அமாவாசைதோறும் போய் வேப்பெண்ணெய் தடவிவிட்டு வருகிறார்கள். சின்னப்பொண்ணு இப்போது எந்தக் கட்டையைப் பார்த்தாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறாள். வெந்நீர்கூட கேஸ் அடுப்பில்தான்.

சென்ற வாரம் சின்னசேலம் பக்கமிருந்து ஒரு இலுப்பை வேர் வந்தது. கழுவிவிட்டு இருவரும் தள்ளி நின்றார்கள்.

"முயல்" என்றான் இருசப்பன்.

செல்வி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதிசயமாக, "ஆமாம், முயல்தான்" என்றாள்.

இருசப்பன் உளியை எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, கீழே வைத்துவிட்டான்.

"ஆணா, பொண்ணா?"

வேர் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது.