பதினொரு கிலோ பெட்டி

எழுபது கிலோ இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி, பள்ளிகளுக்கான போட்டியில் பினாங்குக்கு வெண்கலம் வாங்கித் தந்தவள் குமுதா. அப்போது ஒன்றும் ஆகாத அவள் முதுகு, பத்து வருடம் கழித்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், பதினொரு கிலோ அட்டைப்பெட்டியைத் தூக்கும்போது போனது. பெட்டிக்குள் இருந்தவை ஷாம்பு பாட்டில் மூடிகள். சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

மருத்துவமனையில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "ஸ்கூல்ல பளு தூக்குனீங்களா? அப்ப அதான் காரணம்," என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார். வலியைவிட இந்தத் தீர்ப்புதான் குமுதாவை அதிகம் வருத்தியது. காலை எங்கே வைப்பது, மூச்சை எப்போது பிடிப்பது என்று பயிற்சியாளர் ஐந்து வருடம் அவள் உயிரை எடுத்திருக்கிறார். அங்கே நாளுக்கு முப்பது தடவை தூக்கினால் அதிகம். இங்கே முறை வைத்துத் தூக்கியும் ஒருத்திக்கு ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பெட்டி. பெட்டிகள் ஓடிவரும் பெல்ட்டின் முனை முழங்காலுக்கும் கீழே. அங்கிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, பின்னால் அடுக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழியைத் தூக்கி இரும்பின் மேல் போட்டால் எப்படி?

அந்தக் கோபத்தோடுதான் இருபத்தெட்டு வயதில், வேலை அனுபவத்தைக் காட்டிச் சேரும் வழியில், தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் பல்கலைக்கழகப் படிப்புக்குள் நுழைந்தாள். விளையாட்டு வீரர்களும் வேலையாட்களும் உடம்பை எப்படி அசைக்கிறார்கள், எந்த அசைவில் எந்த மூட்டு தேய்கிறது என்று அளந்து பார்க்கும் படிப்பு. சொந்தக்காரர்கள், "பி.டி. டீச்சராவப் போறியா?" என்று கேட்டார்கள். முதல் இரண்டு முறை விளக்கினாள். பிறகு "ஆமா" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிக் கடலைக் கடந்தாள். கூடப் படித்த பிள்ளைகளுக்கு இருபது வயது. எலும்புகளின் பெயரை அவர்கள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தார்கள். அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

கடைசி வருட ஆய்வுக்கு வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. தன்னுடைய பழைய லைனில் இன்னும் பெட்டி தூக்கும் ஆறு பெண்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவது. உடம்பில் மினுங்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் உள்ள கேமராக்களால் முதுகு எத்தனை டிகிரி வளைகிறது என்று அளப்பது. தொழிற்சாலை மேனேஜர் புவனேஸ்வரனிடம் அனுமதி கேட்டபோது அவர் சொன்னார்: "நாங்க சேஃப்டி கோர்ஸ் குடுத்தோம், சுவத்துல படம் ஒட்டினோம். இவங்கதான் ஒழுங்கா தூக்க மாட்றாங்க. பெல்ட்டை ஏத்தணும்னு சொல்றீல்ல? கணக்கக் காட்டு, பார்ப்போம்."

ஆய்வுக்கூடம் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி வரை. அதை விட்டால் அடுத்த செமஸ்டர்தான். பெல்ட்டும் அதுவரை முழங்காலுக்குக் கீழேயே கிடக்கும்.

டிரெக் சூட், டி-சட்டை போட்டு வாருங்கள் என்று வாட்சப்பில் மூன்று தடவை எழுதியிருந்தாள். ஃபெரியிலிருந்து இறங்கி வந்தவர்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கை நிறைய வளையல். அவர்களில் ஒருத்தியான நூர் பீவியின் தலைத்துணியில் கல் வைத்த ஊசி.

"யுனிவர்சிட்டிக்கு வர்றோம், வேல உடுப்புலயா வர்றது? ஒன் பேரு என்னாவும்?" என்றாள் ஜெயலெட்சுமி. லைனுக்கு அவள்தான் மூத்தவள். "டிரெக் சூட் பேக்ல இருக்குலா, பயப்படாத."

மினுங்குவதையெல்லாம் கேமரா உருண்டை என்று எண்ணிவிடும். உடை மாற்றி, வளையல்களைக் கழற்றி, தாலியைக் கழற்ற மாட்டோம் என்றவர்களுக்கு அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளர் டாக்டர் அமீரா கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெயலெட்சுமி முதலில் நின்றாள். காலை அகட்டினாள். முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்து, முதுகு கோடு போட்டதுபோல் நேராக இருக்க, மூச்சை விட்டபடி எழுந்தாள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பினாள். சுவரில் ஒட்டிய படம் இறங்கி வந்து பெட்டி தூக்கியதுபோல் இருந்தது. திரையில் முதுகின் வளைவு பதினெட்டு டிகிரி. அடுத்தவள் இருபது. நூர் பீவி பதினாறு!

ஆறு பேரும் முடித்ததும் குமுதா எண்களை மறுபடி ஒருமுறை பார்த்தாள். இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினால், எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று புவனேஸ்வரன் ஃபைலை மூடிவிடுவார்.

"க்கா, லைன்ல இப்படியா தூக்குவீங்க?"

"லைன்ல யாருடி இப்படித் தூக்குவா?" ஜெயலெட்சுமி பெருமையாகச் சிரித்தாள். "ஒரு வாரமா ஷிப்ட் முடிஞ்சி கென்டீன்ல பிரேக்டிஸ். ஒனக்குப் பரிச்சைல்ல? நாங்க தப்பா தூக்கி நீ ஃபெயிலாயிட்டா?"

குமுதாவால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால்களோடு, அவளுக்காக உட்கார்ந்து எழுந்து பழகியிருக்கிறார்கள். கண் கலங்கியதை மறைக்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு எடுத்துச் சொன்னாள்: பரீட்சை உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை, அந்த பெல்ட்டுக்குத்தான். எப்போதும்போலத் தூக்குங்கள்.

எப்போதும்போல என்று சொல்லிவிட்டால் யாருக்கு வரும்? இப்போது வேண்டுமென்றே கூனிக் காட்டினார்கள். ஒருத்தி "ஐயோ அம்மா" என்று முனகிக்கூடக் காட்டினாள். ஒன்றும் தேறவில்லை.

பன்னிரண்டரைக்கு, கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஜெயலெட்சுமி எழுந்தாள். "ஃபெரிய பிடிக்கணும், சட்டுனு எடுத்து வைங்கடி!" குமுதா கை நீட்டியபோது, "நீ தொடாத, ஒன் முதுகு!" என்று அதட்டினாள். ஆய்வுக்கு வைத்திருந்த பன்னிரண்டு பெட்டிகளும் கண் மூடித் திறப்பதற்குள் ஓரத்துக்குப் போயின. ஒருவரும் முழங்காலை மடக்கவில்லை. இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து, முறுக்கித் திரும்பி, வாய் ஒரு பக்கம் பேச, கை ஒரு பக்கம் வேலை செய்தது.

குமுதா பார்த்துக்கொண்டே நின்றாள். சரியாகத் தூக்கத் தெரியாமல் நடந்ததில்லை இது. அவசரம் வந்தது, முதுகு வளைந்தது. அவ்வளவுதான்.

"க்கா, இன்னும் ஒரு தடவ. கேமரா ஓடும், சொல்லிட்டேன். எப்படித் தூக்கினாலும் சரி. ஆனா லோரி வந்து நிக்குதுன்னு வச்சிக்குங்க." கைப்பேசியில், தொழிற்சாலையில் பெட்டிக்கு டேப் ஒட்டும் மிஷினைப்போல ஆறு நொடிக்கு ஒரு பீப் வைத்தாள். ஆளுக்கு நாற்பது பெட்டி. ஒருத்தி தூக்க, மற்றவர்கள் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கீழே வைத்தார்கள்.

முதல் எட்டுப் பெட்டிவரை ஜெயலெட்சுமி படத்தில் உள்ளபடிதான் தூக்கினாள். பதினைந்தாவதில் முழங்கால் பாதி மடங்கியது. இருபத்தைந்தாவதில் மடங்கவே இல்லை. முப்பதுக்கு மேல், மகளின் டியூஷன் டீச்சரைத் திட்டிக்கொண்டே எழுபத்திரண்டு டிகிரி வளைந்தாள். ஆறு பேருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிப் பெட்டி முடிந்தது.

"காலையில எடுத்தத அழிச்சிரட்டா, டாக்டர்?" என்று கேட்டாள் குமுதா.

"அழிச்சிராதீங்க," என்றார் டாக்டர் அமீரா. "அதுதான் முக்கியம்."

ஏன் என்று குமுதாவுக்குப் புரிந்தது, மூன்று வாரம் கழித்து புவனேஸ்வரனின் அறையில். எழுபத்திரண்டு டிகிரியைப் பார்த்ததும் அவர் பழைய பாட்டையே பாடினார். "நான் சொல்லல? சொல்லிக் குடுத்தத செய்யவே மாட்றாங்க."

குமுதா முந்தைய பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தாள். "செய்யறாங்க சார். இது அதே அக்கா, அதே பெட்டி, அதே நாள் காலையில. பதினெட்டு டிகிரி. உங்க கோர்ஸ்ல சொன்னது ஒண்ணு விடாம தெரியும். ஆறு செகண்டுல அத செய்ய முடியாது. நேரம் குடுங்க, இல்லன்னா பெல்ட்டை இடுப்பு உயரத்துக்கு ஏத்திக் குடுங்க."

அவர் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் தர முடியாது என்றார். பெல்ட்டை ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

பரீட்சை முடிவு வந்த வாரத்தில் ஜெயலெட்சுமியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் அந்த பீப் கேட்டது. "பெல்ட்டை ஏத்திட்டாங்கடி. குனிய வேண்டியதில்ல. அத விடு, நீ பாஸா இல்லையா, மொதல்ல அத சொல்லு."

"பாஸ்க்கா," என்று பதில் அனுப்பினாள்.

"பின்ன? நாங்க அப்படிப் பிரேக்டிஸ் பண்ணித் தூக்கினோமே!"

மூன்று வருடம் படித்த குமுதா, திருத்திச் சொல்ல எதையாவது தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அக்கா சொன்னது சரிதான்.