பிலோமியின் முகத்துக்கு முதல் பரிசு

பீர்மேட்டுத் தேயிலை மலையில் பிலோமி வாய் திறந்தால் மூன்று லயத்து வீடுகளுக்கும் கேட்கும். குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் தலை தெரிந்தாலே கணக்கப்பிள்ளை பவுல்ராஜ் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். மழைத்தண்ணீருக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு என்று மனம்போல எடையில் ராத்தல் ராத்தலாகக் கழிப்பவர் அவர். "நேத்து இருந்த கூடைதானே இது? ராத்திரியில குட்டி போட்டுக் கனத்துப் போச்சா?" என்று பிலோமி கேட்பாள். பின்னால் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள், கழிவு குறையும். கொடி பிடிக்கிற சங்கத்துக்காரர்கள் ரோட்டோடு போய்விடுவார்கள். மேட்டு லயத்துப் பெண்களுக்கு இருந்த சங்கம் அவள் வாய் ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து மாதாவாக்கினார்கள்.

ஐம்பத்தேழில் கத்தோலிக்க மறைமாவட்டத்தார் ஓவியப் போட்டி ஒன்று வைத்தார்கள். நம் மண்ணுக்கும் நம் காலத்துக்கும் ஏற்ற திருவோவியம் வேண்டுமாம். பரிசு பெறும் படம் எஸ்டேட்டில் புதிதாகக் கட்டிய கோயிலில் மாட்டப்படும். நடுவர்கள் மூன்று பேர்: ஐரோப்பாவில் நிறையப் படம் பார்த்துவிட்டு வந்த ஒரு குருவானவர், ஒரு கல்லூரி டிராயிங் மாஸ்டர், ரோஜாச் செடி வளர்ப்பதில் பேர்போன ஒரு முதலாளியம்மா. நம் மண் என்றால் என்ன என்று முடிவு செய்ய இவர்களை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

செபாஸ்டின் என்று ஓர் ஓவியன் கோட்டயத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். மாதாவைக் கொழுந்து பறிக்கிறவளாக வரைய வேண்டும் என்பது அவன் கனவு. சாந்தமான முகம் தேடி மலை முழுக்க அலைந்தான். அவனையும் அவன் தொளதொள ஜிப்பாவையும் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அது பிலோமி. கடைவாய்ப் பல் வீங்கி, கிராம்பை இடுக்கிக்கொண்டு, இரண்டு நாளாகப் பேச முடியாமல் கிடந்தாள். லயமே ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. செபாஸ்டின் அந்த மௌனத்தைக் கண்டு உருகிப்போய், படத்துக்கு உட்காரச் சொல்லிக் கேட்டான். உட்கார முடியாது என்று சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! அதற்குப் பயந்து பிலோமி அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

படம் முதல் பரிசு வாங்கியது. "வலது கன்னத்தில் தெரியும் மெல்லிய கனம், சொல்லாமல் சுமக்கும் துயரத்தின் அடையாளம்" என்று நடுவர்கள் தீர்ப்பில் எழுதினார்கள். ஒரு சொத்தைப் பல்லுக்கு இவ்வளவு மரியாதை அதுவரை எங்கும் நடந்திருக்காது.

மறைமாவட்ட ஆயர் வந்து மந்திரித்ததும், படத்தைப் பக்கப் பீடத்தில் மாட்டினார்கள். லயத்துப் பெண்கள் ஒரே பார்வையில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "முந்தாநாள் என் குடத்தை எத்தித் தள்ளுனவ முன்னால நான் முட்டி போடணுமாக்கும்?" என்றாள் ஒருத்தி. ஒரு மெழுகுதிரிகூட எரியவில்லை. கடைசியில் மாலையும் பெரிய மெழுகுதிரியுமாக வந்து நின்றவர் பவுல்ராஜ். அந்தப் படத்தால் என்ன பிரயோஜனம் என்பது நடுவர்களைவிட அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

மறுநாள் தராசடியில் பிலோமி வாயைத் திறந்ததும் அவர் கைகூப்பினார். "மாதா முகத்த வச்சுக்கிட்டு இப்படி வாயாடலாமா பிலோமி? பாக்கிற சனம் என்ன நெனைக்கும்?"

பங்குச்சாமியாரும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன் முகம் இனி உன் சொத்து இல்லம்மா. பங்குக் கோயிலோட சொத்து. பாத்துப் பேசு." கூலி மட்டும் எப்போதும்போல அவள் சொந்தப் பாடு.

பிலோமி அடங்கிப்போனாள். காரணம் சாமியார் பேச்சு மட்டுமில்லை. அவள் முகத்தை அழகு என்று பிறந்ததிலிருந்து ஒருவரும் சொன்னதில்லை, கட்டினவன்கூடச் சொன்னதில்லை. ஆளில்லாத நேரத்தில் கோயிலுக்குள் போய் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். இந்த முகத்திலிருந்தா அத்தனை வசவும் வந்தது என்று கூசிப்போனாள். பாவம், அந்த ஆசையில்தான் அவளை மடக்கினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டது தெரிந்ததும் பவுல்ராஜின் கழிவு வாரத்துக்கு வாரம் ஏறியது.

ஆனி மாதத்து மழை. இன்பமேரி ஏழு மாத வயிற்றோடு முழங்காலளவு சேற்றில் நின்று பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து வைத்தாள். பவுல்ராஜ் தராசு முள் நிற்பதற்குள் கூடையை இறக்கச் சொல்லி, ஈரத்துக்கென்று பாதியைக் கழித்தார். இன்பமேரி அவரை விட்டுவிட்டுப் பிலோமியின் பக்கம் திரும்பினாள்.

"நீ படத்துலயே இருந்துக்கக்கா. எங்களுக்குத்தான் வாய் இல்லாமப் போச்சு."

பிலோமிக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளும் யாருக்காக நல்லவளாக இருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தன் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மேரி கூடைய மறுபடி நிறுங்க."

பவுல்ராஜ் வழக்கம்போலக் கைகூப்பிச் சிரித்தார். "மாதா இப்படிக் கூச்சல் போடுவாகளா பிலோமி?"

"ஏன் போட மாட்டாக? அவுக வீட்டுக்காரரு சூசையப்பர் தச்சு வேலை பாத்துக் கூலி வாங்குனவருதானே? அவரு கூலியில எவனாவது கைய வச்சிருந்தா நாசரேத்துல அந்தம்மா சும்மா நின்னுருக்கும்னா நெனைக்கீக? தெருவையே கூட்டியிருக்கும். சும்மா நில்லுன்னு சொல்ல அங்க நடுவரும் கெடையாது, கணக்கப்பிள்ளையும் கெடையாது. நிறுங்கய்யா!"

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் வரிசையே சிரித்தது. பவுல்ராஜ் கூப்பிய கையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு கூடையை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். முள் நிற்கும்வரை பிலோமி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இன்பமேரிக்கு முழு எடையும் எழுதப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, படத்தைக் கழற்றிவிடச் சொல்லிச் சாமியார் வீட்டு வாசலில் வந்து நின்ற முதல் பக்தர் பவுல்ராஜ்தான். நடுவர்கள் மூவரும் ஒருமனதாகத் தேர்ந்ததை, ஆயர் மந்திரித்ததை, எப்படிக் கழற்றுவது என்று சாமியார் கையை விரித்துவிட்டார். கணக்கப்பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் பீடத்துப் பக்கம் போகவேயில்லை.