இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

என் பெரிய மகள் பார்வதி வயிற்றில் பிள்ளையோடு சாகக் கிடந்தாள். நான் செய்த பாவம்தான் அவளைப் பிடித்தது என்று அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அது என்ன பாவம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். வீடு மயிலாப்பூர். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை நானே வளர்த்தேன். யாரிடமும் போய் நின்றதில்லை. சின்னவள் கஸ்தூரி நர்ஸ் படிப்பு முடித்தாள். நான் துடைக்கிற வராந்தாவில் அவள் வெள்ளை உடுப்போடு நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவளோ, "கிராமத்துக்குப் போறேம்மா, அங்கதான் ஆளே இல்ல" என்று ஒரே பிடியாக நின்றாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். எங்கள் தெரு அம்மன் காலடியில் இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டியது நான். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன்.

கஸ்தூரி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நினைத்தபடிதான் நடந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆனி மாதம் பார்வதிக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. அவள் வாழ்க்கைப்பட்டது மதுராந்தகம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பிரசவத்துக்கு அழைத்து வரப் போயிருந்தேன். வளையல் போட்ட மறுநாளே வலி எடுத்துவிட்டது. உச்சி வேளையில் மருத்துவச்சி வெளியே வந்தாள். "கால் முன்னால வருதும்மா. எனக்குக் கைவராது. பட்டணந்தான் போவணும்" என்றாள். பஸ் சாயங்காலம்தான்.

அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தும் எனக்குத் தெரிந்தது துடைக்க மட்டும்தான். மண்ணில் விழுந்தேன். தாயே, உன் காலடியிலேயே திருட்டுத்தனம் பண்ணினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். என் பெண்ணுக்கு ஒரு ஆளை அனுப்பு.

எழுந்திருக்கவில்லை, வாசலில் சைக்கிள் மணி. ஒரு சின்னப் பெண், கையில் பை. "வளைகாப்பு வீடு இதானே? ஒன்பது மாசம்னாங்க. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவள்தான் நர்ஸ். யாரும் போய்க் கூப்பிடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். "வெந்நீர் வைங்க. அழுவறவங்க வெளியில இருங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளை அழுதது. தாயும் பிழைத்தாள்.

அவள் கைகழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"மாம்பலம்."

"உங்கம்மா எப்பிடி அனுப்பிச்சாங்க?"

"எங்க அனுப்பிச்சாங்க? மூணு நாள் பேசவே இல்ல. அப்புறம் ஒரு ஜாடி ஊறுகாயக் குடுத்து, போய்த் தொலைன்னாங்க."

அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரியிடம் சொன்னேன். "ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான்டி வெச்சேன்."

"தெரியும். நீ குங்குமம் வாங்கிக்கினு இருந்தப்ப மத்தத பிரிச்சிப் பார்த்துட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குடி போவாம இருந்த?"

"அம்மனையே ஏமாத்தற அளவுக்கு பயந்துகினு கீற பொம்பளைய எப்பிடி உட்டுட்டுப் போறது?"

நானே போகச் சொன்னேன். அந்த ஆவணியிலேயே அவள் கிராமத்து வேலைக்கு எழுதிப் போட்டாள். உத்திரமேரூர்ப் பக்கம் உத்தரவு வந்தது. ஆறு வருஷமாக அங்கே இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் முன்பின் தெரியாத ஒருத்தி என் பையை வாங்கிக்கொண்டு, "நர்சம்மாவப் பெத்தவங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

நர்ஸ் படிப்பு, டாக்டர் படிப்பு படிக்கிற பிள்ளைகளே, ஆளில்லாத ஊருக்குப் போங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே போங்கள். பெற்றவர்களே, பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்று வேண்டுங்கள். போகாமல் இருக்கட்டும் என்று வேண்டாதீர்கள். அம்மன் துணைக்கு வருவாள். அவள் சைக்கிளில் வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.