சிரிப்பைத் தாண்டிப் படித்த நாவல்கள்

என் வீட்டுக்காரர் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும். வாலிநோக்கம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த மனுஷர், காசநோய் வந்து கட்டிலோடு கிடந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்கு என் அண்ணன் முதுகுளத்தூரிலிருந்து பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் சிரிப்புத் துப்பறியும் நாவல்கள். அண்ணனின் புத்தி அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கோ அந்த நாவல்கள் என்றால் உயிர்.

எனக்கும்தான். அவற்றில் யாரும் நோயில் கிடந்து சாவதில்லை. காணாமல் போனது கிடைத்துவிடும். பிடிபட்ட திருடனும் கடைசியில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிப்பான். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நல்லபடியாக முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்ததால், அந்தக் கதைகளுக்குள்ளேயே குடியேறிவிட ஆசையாக இருந்தது.

நான்தான் வாசித்துக் காட்டுவேன். சிரிப்பு வருகிற இடம் கண்ணில் பட்டால் தாண்டிவிடுவேன். பத்தியச் சாப்பாடு மாதிரி, துப்பு மட்டும்.

ஒரு நாவலில் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மோதிரம் திருடு போகிறது. துப்பறிய வந்த தொந்திக்காரர் நெல் குதிருக்குள் ஒளியப் போய்த் தலைகீழாக மாட்டிக்கொள்கிறார். காலைப் பிடித்து இழுக்கிற கூட்டத்தில் திருடனும் ஒருவன். இழுத்த வேகத்தில் அவன் மடியிலிருந்து மோதிரம் விழுகிறது. அந்தப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, மோதிரம் கிடைத்த சந்தோஷத்திலிருந்து வாசித்தேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "மோதிரம் எப்படிக் கிடைச்சுச்சு? நடுவுல எதையோ முழுங்கிட்ட."

பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"நீ உதட்டைக் கடிச்சதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இத்தன நாளும் நீ மட்டும் தனியாச் சிரிச்சியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன்.

"சிரிக்காம இருந்தா மட்டும் எந்திரிச்சு உப்பளத்துக்குப் போயிருவனா? படி."

படித்தேன். திருடன் காலைப் பிடித்த இடத்தில் அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். பிறகு இருமல் வந்து துண்டு சிவந்தது. அவர் அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மேலே படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஐப்பசி மழை தொடங்குமுன் போய்விட்டார். அண்ணன் நாவல் வாங்கி வருவதை நிறுத்தவில்லை. நானும் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். இப்போது எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.