பெட்டி மெதுவாக இருந்த வரை

மலைமேல் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பெயரையும் நோயையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. காளப்பநாயக்கன்பட்டியில் காலை பஸ் ஏறி, வளைவுகளையெல்லாம் சுற்றி, பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில் போய் உட்காருவேன். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் நீட்டித்தால்தான் உண்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கால் முறிந்து வீட்டோடு தங்கிவிட்ட பிறகு, எங்கள் அடுப்பு அந்த நாற்காலியை நம்பித்தான் எரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தது. ரேம் இரண்டே ஜிபி. காலையில் பட்டனை அழுத்திவிட்டு, மேஜையைத் துடைத்து, நர்ஸம்மாவோடு சேர்ந்து மழையைத் திட்டி முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பெயரை அடித்தால் எழுத்துகள் யோசித்து யோசித்து வரும். வரிசையில் நின்றவர்கள் யாரும் என்னைக் கோபித்ததில்லை. பெட்டி பழசு, பாவம், அந்தப் பிள்ளை என்ன பண்ணும் என்பார்கள். நானும் பெட்டியைத் திட்டுவேன். எல்லோருக்கும் கேட்கும்படி நல்ல சத்தமாகவே திட்டுவேன்.

ஏனென்றால் என் கண் போய்க்கொண்டிருந்தது.

ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். பப்பாளித் தண்டு வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். இதற்கு மருந்து கிடையாது, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்றார் சேலத்து டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். திரையில் மௌஸ் அம்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் பிடிக்கும். மேலே தேடி, கீழே தேடி, பிடித்துவிடுவதற்குள் அந்த வட்டமும் சுற்றி முடிந்திருக்கும். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அப்படி ஒரு அதிர்ஷ்டம்.

பிறகு, எங்கள் பதிவுத் தளம் இனிமேல் பழைய சிஸ்டத்தில் திறக்காது என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. புதுக் கம்ப்யூட்டர் கிடையாது, இருப்பதிலேயே புது சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் லேப் டெக்னீஷியன் திருச்சிப் பக்கத்துக்காரர். எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத மனுஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். முதலில் எல்லோரும் போடுகிற புது சிஸ்டத்தைப் போட்டாராம். அது திறக்கும்போதே இருந்த ரேமையெல்லாம் தின்றுவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டதாம். அதை எடுத்துவிட்டு லினக்ஸில் லேசான வகை ஒன்றை ஏற்றினார். படம், நிழல், அலங்காரம் என்று மெமரி பிடிக்கும் எல்லாவற்றையும் அணைத்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன்னிடம் சும்மா கிடந்த, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினார்.

திங்கட்கிழமை பட்டனை அழுத்தினேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் திரை வந்துவிட்டது. நர்ஸம்மா கை தட்டினார். நான் அம்பைத் தேட ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து பெட்டி எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. பெட்டிதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. காதுக்கு ஒரு குறையும் இல்லை. மௌஸ் சரியில்லை என்றேன். டெக்னீஷியன் வேறு மௌஸ் கொண்டுவந்தார். டவர் கிடைக்கவில்லை என்றேன், டவர் இருந்தது. மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நிற்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

“அக்கா, அம்பு அந்தப் பேரு மேலயேதான் நிக்குது. நீங்க எதைத் தேடுறீங்க?”

சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்பைப் பெரிதாக்கினார், எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்து பெரிதானதும் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது. நான் இன்னும் அதிகமாகத் தேட வேண்டியதாயிற்று. எழுத்தைப் பழையபடி சிறிதாக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அணைத்ததையெல்லாம் திரும்பப் போட்டு, பழைய டிஸ்க்கிலேயே இதை ஏற்றிவிடுகிறேன், முன்னைப் போலவே மெதுவாகிவிடும், யாருக்கும் தெரியாது என்றார்.

சரி என்று சொல்லத்தான் துடித்தேன். வீட்டை நினைத்தேன், கணவரின் காலை நினைத்தேன். அதற்குள் ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. நிறைமாத மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார்.

“ஏனுங்க சாமி, பொட்டி வெரசா ஓடுதுன்னாங்க. இன்னைக்காச்சும் மத்தியானப் பஸ்ஸப் புடிச்சிரலாமுங்களா? போன தடவ பஸ்ஸு போயிருச்சு, இவ இருட்டுல நடந்துதான் ஊடு வந்து சேந்தாளுங்க.”

வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று டெக்னீஷியனிடம் சொன்னேன். அன்று அந்த மருமகளின் பதிவை அவரே உட்கார்ந்து செய்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருந்த டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணுக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தம் இனி நீளாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் இடத்துக்குச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வேலை பழக்குவதற்காகக் கடைசி வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாளே அவள் விரல்கள் ஓடின. மத்தியானப் பஸ்ஸுக்கு முன்பே வரிசை முடிந்து, வெளியே பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவள் என் பக்கம் திரும்பி, “இவ்வளவுதானுங்களாக்கா?” என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

“ஆமா கண்ணு, இவ்வளவுதான்” என்றேன்.